42 கிலோமீட்டர் வேண்டாம், பத்து போதும்

கேள்வி: எனக்கு 44 வயது. பெரம்பூரில் வீடு. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் வழியெல்லாம் பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது. போன டிசம்பர் மழையில் ஒரு ராத்திரி, பூட்டிய கடையின் படிக்கட்டில் ஒரு பாட்டி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கீழ்ப்படி வரை ஏறியிருந்தது. மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோதும் அதே படியில்தான் இருந்தார். அது மனதை விட்டுப் போகவில்லை. வருகிற ஜனவரியில் சென்னை மராத்தானில் முழுத் தூரம், 42 கிலோமீட்டர், வெறுங்காலில் ஓடி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வாங்கி, வீடற்றவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் தர நினைக்கிறேன். இன்னும் 13 வாரம் இருக்கிறது. எடை 84 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். காலையில் 4 கிலோமீட்டர் நடப்பேன். படி ஏறினால் வலது முட்டி வலிக்கும். “ஓடித்தான் கொடுக்கணுமா? கையில இருக்கிறதைக் கொடுத்துட்டுப் போங்க” என்கிறாள் மனைவி. என்னால் முடியுமா? பயிற்சி அட்டவணை ஒன்று தர முடியுமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பிசியோதெரபிஸ்டாக. இரண்டாம் முறை, வடசென்னையில் ஒரு பெண்கள் காப்பகத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கால்வலி, இடுப்புவலி பார்த்துவிட்டு வருகிறவளாக. இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது. ஓடுங்கள், கட்டாயம் ஓடுங்கள். ஆனால் இந்த ஜனவரியில் 42 வேண்டாம், பத்து கிலோமீட்டர் ஓடுங்கள். வெறுங்காலில் வேண்டவே வேண்டாம்.

வெறுங்காலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், அந்தக் கஷ்டத்தை நானும் படவேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் காப்பகத்துக்கு வரும் பெண்கள் என்னிடம் சொன்னது வேறு. வெளியில் படுத்த காலத்தில் ராத்திரி செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்களாம், இல்லையென்றால் காலையில் இருக்காது. ஒரு ஜோடி செருப்பு அவ்வளவு பெரிய சொத்து அவர்களுக்கு. செருப்பில்லாமல் நடப்பது அவர்களாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. உங்களுக்கு ஷூ வாங்க வசதி இருக்கிறது, வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது உங்கள் சர்க்கரை. ஐந்து வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கலாம், அது குறைந்திருப்பது உங்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். கண்ணாடிச் சில்லு குத்தினால் வலிக்காது, கொப்புளம் வெடித்தால் எரியாது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஓட்டத்தில் மருத்துவக் கூடாரத்தில் உதவிக்கு நின்றேன். ஏறக்குறைய உங்கள் வயதுள்ள ஒருவர் வந்து “லேசா காலில் ஈரமா இருக்கு, பாருங்க” என்று பாதத்தைக் காட்டினார். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் தோல் உரிந்திருந்தது. அவர் நின்ற தார்ச்சாலையில் ரத்தத்தடம். அவருக்கு வலியே இல்லை. அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது, ஒரு விரல் போயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இதோடு உங்கள் 13 வாரத்தில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் அது வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் பயிற்சி வேண்டாம். அன்று வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யுங்கள்.

சரி, 42 ஏன் வேண்டாம்? ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை ஒரு காலில் இறங்குகிறது. உங்கள் எடைக்கு அது சுமார் 200 கிலோ. பத்து கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் அடிகளாவது ஆகும், 42-க்கு அதைப் போல நாலு மடங்கு. மூச்சும் இதயமும் ஆறு வாரத்தில் இதற்கு ஓரளவு பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். சிக்கலே இந்த இடைவெளியில்தான். ஐந்தாம் வாரம் “ஆஹா, நன்றாக ஓடுகிறேனே” என்று தோன்றும், தூரத்தைக் கூட்டுவீர்கள். ஏழாம் வாரம் கெண்டைக்கால் எலும்பில் வலி வந்து என் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். ஏற்கெனவே படியேறும்போது முட்டி வலிக்கிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வரும் வலி. தொடையும் இடுப்பும் பலமானால் அடங்கும், ஆனால் நேரில் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். தினம் 4 கிலோமீட்டர் நடப்பவர் 13 வாரத்தில் 10 கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாக முடிக்க முடியும். அடுத்த ஜனவரியில் 21 ஓடலாம். அதற்கும் அடுத்த வருடம் 42 பற்றிப் பேசுவோம். பிளாட்பாரத்துக் குடும்பங்களின் பிரச்சினை இந்த ஜனவரியோடு தீரப்போவதில்லை. மூன்று வருடம் தொடர்ந்து பணம் திரட்டுகிற ஒருவர் அவர்களுக்கு ரொம்பவே தேவை.

ஓடத் தொடங்குமுன் உங்கள் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள். மூன்று விஷயம் அவரிடம் கேட்க வேண்டும். இதயத்துக்கு டிரெட்மில் டெஸ்ட் தேவையா, விழித்திரை கடைசியாக எப்போது பார்த்தது, பாதத்தில் உணர்ச்சி எப்படி. பாதத்துக்கு ஊசியெல்லாம் கிடையாது. ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள், பத்து கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் “ஆமாம்” சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விழித்திரையை ஏன் கேட்கிறேன் என்றால், சர்க்கரையால் அங்கே புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் கடுமையான உடற்பயிற்சியில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு.

நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரையில் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோவது அரிது. கிளிமிபிரைடு அப்படியில்லை. ஓடும்போதும் கீழே போகலாம், ஓடிய அன்று ராத்திரி தூக்கத்திலும் போகலாம். சாதாரணமாக வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சென்னைப் புழுக்கத்தில் ஓடுகிறவருக்கு வியர்வையும் படபடப்பும் எப்போதும்தானே இருக்கும்! அதனால் ஓடுமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ ரெண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். 250-க்கு மேல் என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. குளுக்கோஸ் மாத்திரையோ மூன்று டீஸ்பூன் சர்க்கரைப் பொட்டலமோ பையில் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள், டாக்டர் சொல்லட்டும். “முட்டி வலிக்குமே” என்று ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் பலருக்கு உண்டு. உடலில் நீர் குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கண்டிப்பாக வேண்டாம்.

இனி அட்டவணை. முதல் நான்கு வாரத்துக்கு மட்டும் இப்போது தருகிறேன். வாரத்தில் மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல்: ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை, கடைசியில் ஐந்து நிமிடம் நடை. மொத்தம் 34 நிமிடம். முதல் நாள் “இவ்வளவுதானா?” என்று இருக்கும், இருக்கட்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிற வேகம் போதும். இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிட ஓட்டம், மூன்றாம் வாரம் இரண்டு நிமிடம், நான்காம் வாரத்தில் கூட்டவே வேண்டாம். மற்ற இரண்டு நாள் வழக்கமான நடை. வாரத்தில் இருமுறை வீட்டில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது, மூன்றும் பத்துப் பத்து. வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலை போய்விட்டால் தொடரலாம். காலையிலும் இருந்தால் ஒரு வாரம் பின்னால் போங்கள். ஷூவைச் சாயந்திரம் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஓடி வந்ததும் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள். அடிப்பாகம் தெரியவில்லையென்றால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் மனைவி பார்க்கட்டும்.

பயிற்சி இவ்வளவுதான். இப்போது பணம்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள். 31-ஆவது கிலோமீட்டரில் தலை சுற்றினால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க மாட்டீர்கள், “இன்னும் பதினோரு கிலோமீட்டர் காசு போய்விடுமே” என்று ஓடுவீர்கள். கூடாரத்தில் நான் பார்த்தவர்களில் மிக மோசமான நிலையில் வந்தவர்கள், யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு ஓடியவர்கள்தான். ஓட்டம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் பணம் காப்பகத்துக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாரும் தூரத்தைப் பார்த்துப் பணம் தருவதில்லை. உங்கள் சித்தப்பாவுக்குப் பத்துக்கும் நாற்பத்திரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? நீங்கள் போன் பண்ணிக் கேட்டதால் தருவார். 3 லட்சம் என்பது 150 பேர், ஆளுக்கு 2,000. உங்கள் கடைத்தெரு, சொந்தக்காரர்கள், பள்ளி நண்பர்கள் எல்லாம் சேர்த்தால் 150 பெயர் வரும். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பினால் கைகூப்பும் படம்தான் நிறைய வரும், பணம் கொஞ்சம்தான் வரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்தப் படிக்கட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள். 42 கிலோமீட்டருக்குப் பயிற்சி எடுத்தால் ஞாயிறுதோறும் மூன்று நான்கு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். அந்த நேரம் இந்தப் போன்களுக்குத் தேவை. பத்து என்று நான் சொல்வதற்கு உங்கள் முட்டி பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

யாருக்குத் தருவது? பணம் திரட்டுமுன் ஒரு காப்பகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சி இடம் தந்து தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற காப்பகங்கள் இருக்கின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனியாகவும், அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்து தங்க இடமில்லாதவர்களுக்காகவும் உண்டு. மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அந்த ஒற்றை இரவுக் கணக்கில் விட்டுப்போனவர்கள் நிறைய என்பதுதான் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொல்வது.

நீங்கள் பார்த்த பாட்டி ஏன் காப்பகத்துக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கத்தில் பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூட்டை தூக்குவது, பூக்கட்டுவது, வீட்டு வேலை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. காப்பகத்தில் ஆண், பெண் தனித்தனி என்பதால் குடும்பம் பிரிய வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடியில் வீடு கொடுத்தாலும் வேலை இங்கேதான், பஸ் செலவிலேயே பாதிச் சம்பளம் போய்விடும். இதெல்லாம் தெரியாமல் நானும் ஒரு காலத்தில் “ஏம்மா, அங்கே போய்ப் படுக்கலாமே” என்று கேட்டிருக்கிறேன்.

கம்பளி வாங்கித் தரலாம் என்று பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும். சென்னையில் குளிரைவிடக் கொசுவும் மழையும் பெரிது, பெண்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது கழிப்பறை. ராத்திரி எழுந்து போக இடமில்லை என்பதால் சாயந்திரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இடுப்புவலி என்று என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் சிறுநீர்த் தொற்று. தசைவலி என்று நினைத்து முதல் தடவை பயிற்சி சொல்லி அனுப்பிவிட்டேன் ஒரு அம்மாவுக்கு. அடுத்த மாதம் காய்ச்சலோடு வந்தார்.

இன்னொன்று, வாடகை அட்வான்ஸ். நான் போகும் காப்பகத்தில் ஒரு பெண் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தார். மாதம் தவறாமல் சம்பளம், சின்ன அறைக்கு வாடகை கொடுக்க அவரால் முடியும். ஆனால் பத்து மாத வாடகையை மொத்தமாக எடுத்து வைக்க முடியவில்லை. மூன்று மாதம் என்பதுதான் சட்டம் சொல்லும் பொது அளவு, தெருவில் போய்க் கேட்டால் கதை வேறு. அதற்காகவே ஒன்றரை வருடம் அங்கே இருந்தார். ஆளுக்கு 30,000 என்றால் உங்கள் 3 லட்சத்தில் பத்துக் குடும்பம் ஒரு கதவுக்குப் பின்னால் தூங்கலாம். அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். அதை நிறுவனத்தின் பெயரில் கட்டினால் அடுத்தவருக்குப் பயன்படும். இது என் யோசனைதான். காப்பகத்தை நடத்துகிறவர்கள் “எங்களுக்குக் கழிப்பறைக் கதவு முதலில் வேண்டும்” என்றால் கதவையே வாங்கிக் கொடுங்கள்.

பணம் உங்கள் ஜிபேயில் வரவே கூடாது. நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், கொடுத்தவருக்கு அங்கிருந்தே ரசீது வரட்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாட்டியையோ குழந்தையையோ படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். படுக்கிற இடத்தை மறைக்கக் கதவில்லாதவர்கள் அவர்கள். உங்கள் ஷூவைப் படம் எடுத்துப் போடுங்கள், போதும்.

போகப் போக இன்னொரு ஆசையும் வரலாம், அவர்களோடு சேர்ந்தே ஓடலாமே என்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஸ்கிட் ரோ பகுதியில், வீடற்றவர்களோடு சேர்ந்து ஓட 2012-இல் ஒரு நீதிபதி ஓட்டக் குழு ஆரம்பித்தார். பிலடெல்ஃபியாவில் 2007-இலேயே அப்படி ஒன்று தொடங்கியது. நம் ஊரிலும் இதற்கு ஆள் இல்லாமலில்லை. 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தென்னிந்திய அணி வென்றது. அதில் ஆடியவர்களில் சென்னை நடைபாதையில் வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. காப்பகத்தில் ஒரு இளைஞன் “அண்ணே, நானும் வரட்டுமா?” என்று கேட்டால் அவனுக்கும் ஒரு ஜோடி ஷூவும் நுழைவுக் கட்டணமும் உங்கள் கணக்கில் போடுங்கள். யாரும் கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நாள் முழுக்க மூட்டை தூக்கியவருக்கு ஓய்வுதான் வேண்டும்.

உங்கள் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கையில் இருப்பதை முதலில் நீங்கள் கொடுங்கள். அந்த 150 பேர் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருந்தால், கேட்கும்போது குரல் தயங்காது. ஆனால் உங்களால் தனியாகக் கொடுக்க முடிந்தது ஐயாயிரமோ பத்தாயிரமோ என்றால், மற்ற 149 பேரைக் கேட்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்த ஓட்டம். அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரை தாழ்ந்தால் ராத்திரி உங்களை எழுப்பப் போகிறவர் அவர். என்ன பார்க்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்று அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய பயத்தில் பாதி அங்கேயே குறையும்.

இந்த வாரம் ஓட வேண்டாம். டாக்டரைப் பாருங்கள், ஒரு சனிக்கிழமை சாயந்திரம் காப்பகத்துக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து வாருங்கள், பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். பாதப் பரிசோதனை முடிவும் முட்டி எந்த இடத்தில் வலிக்கிறது என்பதும் எழுதி அனுப்புங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து என்ன செய்வது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.